அவரவர் காலத்துப் பாட்டு

1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் பாடி நடித்த பாகவதர் குரலோடு வளர்ந்த தாத்தாவுக்கு அதுதான் சங்கீதம். அப்பாவுக்கோ 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா. மகனுக்கு 1992இல் 'ரோஜா'வோடு வந்த ரஹ்மான்.

ஏன் இப்படி? பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடப்பவைதான் மனதில் அழுத்தமாகப் பதிகின்றன என்கிறார்கள் உளவியலாளர்கள். அந்த வயதில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட பாட்டு இன்று எங்காவது ஒலித்தால், கண்ணாடி கிளாஸின் சூடுகூட உள்ளங்கைக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

அதனால், "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பாட்டையும் ஒருமுறை கேளுங்கள். நாளைக்கு அதே பாட்டு ஒலிக்கும்போது, அவர்கள் நினைவில் நீங்களும் இருப்பீர்கள்.