பேய் வரைஞ்சு பிழைக்க முடியுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ரெக்கார்டிங் மணவாளக்குறிச்சியில, எங்க வீட்டு மாடியில இருந்து. பின்னாடி கடல் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, அதை எந்த நாய்ஸ் ஃபில்டரும் எடுக்க மாட்டேங்குது.

இன்னைக்குப் பேசப்போறது வீட்டு விஷயம். எங்க பெரியம்மா மக, என்னைவிட மூணு வயசு மூத்த அக்கா, பெங்களூருல ஆப் டிசைனரா இருந்தா. நல்ல சம்பளம். போன ஜனவரியில வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துட்டா. எதுக்குன்னா, படம் வரைய. சும்மா படம் இல்ல, பேய்க்கதை எழுதி அதுக்குத் தானே படம் வரையணுமாம். பெரியம்மா எனக்கு போன் பண்ணி, "மக்ளே, நீ படிச்ச பையன், நீ சொன்னா கேப்பா, கொஞ்சம் எடுத்துச் சொல்லு"ன்னாங்க. அவளும் படிச்சவதான், அதைச் சொன்னா பெரியம்மா காதுல ஏறல. (அவகிட்ட கேட்டுட்டுதான் இதையெல்லாம் பேசுறேன். பேரை மட்டும் சொல்லாதேன்னா.)

நான் என்ன செஞ்சிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். ஒரு எக்செல் ஷீட் போட்டேன். மாசச் செலவு, மருத்துவக் காப்பீடு, புது ஐபேட், பேப்பர், கலர், எல்லாம் வரிசையா. கையில இருக்கிற சேமிப்பு 14 மாசம் தாங்கும். 15-வது மாசத்துக்கு நேரா அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கி வச்சேன். அதோட நிறுத்தியிருக்கலாம். புதுமைப்பித்தனை வேற இழுத்தேன். "தமிழ்ல பேய்க்கதைன்னா எல்லாரும் சொல்றது 'காஞ்சனை'. அதை எழுதின மனுஷன் பேனாவை நம்பி வாழ்ந்தார். சினிமாப் படம் எடுக்கப் போய்க் கையைச் சுட்டுக்கிட்டார். 1948-ல, 42 வயசுல, காசநோயில போய்ச் சேர்ந்தார். எங்கே? இங்கேருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற திருவனந்தபுரத்துல"ன்னேன்.

அக்கா ஷீட்டைப் பொறுமையா மேலேயும் கீழேயும் ஓட்டிப் பார்த்தா. அப்புறம் கேட்டா: "சரி, கள்ளியங்காட்டு நீலி என்ன நிறத்துல சேலை கட்டியிருந்தா?"

"வெள்ளை."

"யாரு சொன்னா?"

யார் சொன்னான்னு யோசிச்சா எனக்குச் சொல்லத் தெரியல. சினிமா சொன்னதுதான்.

நீலி கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. நாகர்கோவிலை ஒட்டி, பார்வதிபுரம் பக்கம் கள்ளியங்காடுன்னு ஒரு இடம். இன்னைக்கு பஸ், பிரியாணிக் கடை எல்லாம் உண்டு. பழைய கதையில அது வெறும் கள்ளிக்காடு. நம்பி வந்த ஒருத்தியை அவ நகைக்காக ஒருத்தன் அங்கே வச்சுக் கொன்னுடுறான். பார்த்த சாட்சி கள்ளிச்செடி ஒண்ணுதான். அவ நீலியா திரும்பி வர்றா. அடுத்த பிறவியில அவன் வியாபாரியா வரும்போது ஒரு கள்ளிக்கொப்பை ஒடிச்சுக் குழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, "இது உனக்குப் பிறந்த பிள்ளை"ன்னு ஊர்க்காரங்க முன்னாடி வழக்கு வைக்கிறா. சாட்சி சொல்ல முடியாத செடியையே பிள்ளையாக்கிக் கூட்டிட்டு வர்றா, பாருங்க. வில்லுப்பாட்டுல இதை ராத்திரி முழுக்கப் பாடுவாங்க. வடக்கே திருவாலங்காட்டுப் பக்கம் இதுவே பழையனூர் நீலி.

"இவ்வளவு பெரிய கதை. மனசுல படமா வந்தா மட்டும் வெள்ளைச் சேலை, விரிச்ச தலை, சலங்கை. எல்லாப் பேய்க்கும் ஒரே யூனிஃபார்ம்"னா அக்கா. அவ வேலையை விட்டதுக்கு அவ சொல்ற காரணம் இதுதான். எனக்கு அன்னைக்கு அது காரணமாவே தெரியல.

அப்புறம் என் புதுமைப்பித்தனுக்குப் பதிலா அவ சத்யஜித் ராயை எடுத்துப் போட்டா.

ராய்னா நமக்கு 'பதேர் பாஞ்சாலி', ஆஸ்கர், கருப்பு வெள்ளை. நானும் காலேஜ்ல அதுக்கு மேல போகல. அக்கா சொன்ன ராய் வேற ஆள். படம் வரைஞ்சு, பேய்க்கதை எழுதி, அந்தக் கதைக்குத் தானே சித்திரம் போட்டவர். மூணு வாரமா அவரைத் தேடித் தேடி வாசிச்சேன்.

அந்த வீட்டுக்கே அதுதான் தொழில். தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி ஓவியர், அச்சுத் தொழில்ல பெரிய கை. 1913-ல 'சந்தேஷ்'னு ஒரு குழந்தைகள் பத்திரிகை தொடங்கினார். கூபி, பாகான்னு ரெண்டு பாட்டுக்காரங்களுக்குப் பேய்களோட ராஜா வரம் கொடுக்கிற கதையை அதுல எழுதினார். அப்பா சுகுமார் ராயும் எழுதுவார், வரைவார். 1923-ல அவர் சாகும்போது சத்யஜித்துக்கு ரெண்டரை வயசுகூட ஆகல. கொஞ்ச வருஷத்துல குடும்ப அச்சகமும் வீடும் கையை விட்டுப் போயிடுச்சு. அம்மாவும் பிள்ளையும் மாமா வீட்டுக்குப் போனாங்க. அதனால கலையை நம்பினா என்ன ஆகும்னு அவருக்கு யாரும் எக்செல் போட்டுக் காட்டத் தேவையில்ல. அவர் அதுக்குள்ளேயே வளர்ந்தவர்.

சாந்திநிகேதன்ல நந்தலால் போஸ்கிட்ட ஓவியம் படிக்கப் போனார், படிப்பை முடிக்கல. 1943-ல டி.ஜே. கீமர்ங்கிற பிரிட்டிஷ் விளம்பர கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் மாசம் 80 ரூபாய். கூடவே சிக்னெட் பதிப்பகத்துக்குப் புத்தக அட்டை வரைஞ்சார். 'பதேர் பாஞ்சாலி' நாவலோட சிறுவர் பதிப்புக்குச் சித்திரம் போட்டதும் அப்போதான். பின்னாடி அவர் எடுத்த படத்தோட விதை அந்தச் சித்திரங்கள்லதான் இருக்கு.

இங்கே ஒண்ணு கவனிங்க. 1952 அக்டோபர்ல படப்பிடிப்பு தொடங்கும்போது அவர் வேலையை விடல. ஞாயித்துக்கிழமை, லீவு நாள்னு பார்த்து எடுத்தார். முதல் நாள் நாணல் பூத்த வயல்ல பாதி எடுத்துட்டு அடுத்த வாரம் போனா, பூவை எல்லாம் மாடு மேஞ்சு முடிச்சிருக்கு. அடுத்த சீசன் வரைக்கும் காத்திருந்தார். இன்சூரன்ஸ் பாலிசி, மனைவியோட நகை எல்லாம் அடகுக்குப் போச்சு. 1955-ல படம் வெளியான பிறகுதான் கீமர் வேலையை விட்டார். இதை வாசிச்சதும் எனக்குச் சந்தோஷம். அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினேன்: "பாத்தியா, அவரே வேலையில இருந்துக்கிட்டுதான் பண்ணினார்." "முழுசா வாசி"ன்னு ஒரே வரியில பதில்.

முழுசா வாசிச்சேன். 1961-ல, நின்னுபோயிருந்த தாத்தா பத்திரிகையை ராய் திரும்பத் தொடங்குறார். உலகமே பேர் சொல்ற இயக்குநர், குழந்தைகள் பத்திரிகைக்கு உட்கார்ந்து கதை எழுதுறார், பக்கத்துக்குப் பக்கம் படம் வரையுறார். பணத்துக்கு இல்ல, அந்தப் பத்திரிகையில பணமே கிடையாது. ஆனா அங்கே எழுதினதெல்லாம் புத்தகமாகி வங்காளம் முழுக்க வித்துச்சு. துப்பறியும் ஃபெலுதா, பேராசிரியர் ஷோங்கு, கூடவே பேய்க்கதைகள். பின்னாள்ல வீட்டை நடத்தினது படங்களைவிடப் புத்தகங்கள்தான்னு அவரே சொல்லியிருக்கார். என் ஷீட்டுல இதுக்கு ஒரு காலமே இல்ல. பேய்க்கதையைச் செலவுப் பக்கம் எழுதி வச்சிருந்தேன் நான்.

அந்தக் கதைகள் எப்படி இருக்கும்? 'அனாத் பாபுவின் பயம்'னு ஒண்ணு. முடிவைச் சொல்லப்போறேன், வேண்டாதவங்க முப்பது செகண்ட் தாண்டிப் போங்க. பேய் தேடி அலையுற அனாத் பாபு, ஒரு பாழடைஞ்ச பங்களாவுல ராத்திரி தங்குறார். காலையில கதைசொல்லியைச் சந்திச்சு, வாங்க காட்டுறேன்னு அந்த வீட்டுக்கே கூட்டிட்டுப் போறார். அங்கே தரையில கிடக்கிறது அனாத் பாபுவோட பிணம். ரத்தம் இல்ல, அலறல் இல்ல. ஒரு மரியாதையான மனுஷர் கூடவே நடந்து வர்றார், அவ்வளவுதான். 'ககம்'னு இன்னொரு கதையில ஒருத்தன் சாமியார் வளர்த்த பாம்பைக் கொன்னுட்டுத் தானே பாம்பா மாறுறான். மாறுறதை நேரா காட்டாம, மிச்சம் கிடக்கிறதை மட்டும் காட்டுவார். விளம்பரக் கம்பெனியில பத்து வருஷத்துக்கு மேல வரைஞ்ச கை அது. எதைக் காட்டணும், எதை விடணும்னு அதுக்குத் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இன்னொண்ணு. தாத்தாவோட கூபி பாகா கதையை 1969-ல படமா எடுத்தார். அதுல ஆறு நிமிஷத்துக்கு மேல ஒரு பேய் நடனம் வரும். ராஜாப் பேய், வெள்ளைக்காரப் பேய், தொந்திப் பேய், சாமானியப் பேய்னு நாலு கூட்டம். வசனம் கிடையாது. பின்னணியில என்ன வாத்தியம் தெரியுமா? மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங். நம்ம தாளவாத்தியக் கச்சேரி! இசையும் ராயே. வங்காளத்துப் பேய்கள் நம்ம கடத்துக்கு ஆடிக்கிட்டிருக்கு, நாம இங்கே பேய் வந்தா வயலினைக் கீறிக்கிட்டிருக்கோம். வில்லுப்பாட்டுல உடுக்கையும் குடமும் சேர்ந்து ஏறும்போது கோயில்ல எத்தனை பேர் ஆடுறாங்கன்னு குமரி மாவட்டத்துக்காரனுக்குச் சொல்லணுமா.

படத்தோட காட்சிகளை அவர் வரைஞ்சு வச்சது எதுலன்னா, கல்கத்தா கடைக்காரங்க வரவு செலவு எழுதுற சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்கு நோட்டுல. அக்கா இதைச் சொல்லும்போது என் லேப்டாப்பைப் பார்த்துச் சிரிச்சா. நானும் சிரிச்சு வச்சேன்.

சரி, ராய் ராய். ஆயிரத்துல ஒருத்தர். நம்ம ஊர்ல? நம்ம மாவட்டத்து ஜெயமோகன் தொலைபேசித் துறையில வேலை பார்த்துக்கிட்டே எழுதினவர். 'நிழல்வெளிக் கதைகள்'னு முழுக்கப் பேய்க்கதைகளாவே ஒரு தொகுப்பு உண்டு. "எழுத ஆள் இருக்கு, நம்ம பேயை வரையத்தான் ஆள் இல்ல"ன்னு அக்காகிட்ட பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன். உடனே பைக்கை எடுக்கச் சொல்லிட்டா.

ஒரு இசக்கி கோயிலுக்குப் போனோம். யட்சிங்கிற சொல்தான் இசக்கி ஆச்சுன்னு சொல்வாங்க. அங்கே நேர்ச்சைக்கு வச்ச மண் சிலைகள். உருண்ட கண்ணு, சிவப்புச் சேலை, இடுப்புல ஒரு பிள்ளை. சிலதுல வாயில ஒரு பிள்ளை. சின்ன வயசுலேருந்து நான் கும்பிட்டுட்டுக் கடந்து போன சிலைகள்தான். "இதைச் செஞ்ச குயவருக்கு மாசச் சம்பளம் உண்டா?"ன்னு கேட்டா. "ஆளாளுக்கு இசக்கி முகம் வேற. கையெழுத்து மட்டும் போடல."

திரும்பி வரும்போது கடற்கரையில நின்னோம். எங்க ஊரு மணல் கருப்பு, வெளியூர்க்காரங்க வந்து போட்டோ எடுப்பாங்க. 1909-ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர், இங்கேருந்து ஏற்றுமதியான கயித்துல ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதுல மோனசைட் இருக்கிறதைக் கண்டுபிடிச்சார். அதுலேருந்துதான் மணல் ஆலை, தோரியம், கதிர்வீச்சு பத்தின பயம் எல்லாம். எங்க ஊர்ல கண்ணுக்குத் தெரியாத பேய்னா முதல்ல அதுதான், அதுக்குத் தனி எபிசோடு வேணும். ஆனா அந்தக் கருப்புல பெரும்பங்கு இல்மனைட். அதுலேருந்துதான் டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கிறாங்க. ஓவியர்கள் வாங்குற டைட்டானியம் வெள்ளை டியூப் அதுதான். பேய்க்குச் சேலை வரைய வாங்குற வெள்ளை, இந்தக் கருப்பு மணல்லேருந்து வருது. இன்ஜினியரிங் படிச்ச எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தது.

ஷீட்டைத் திருத்தினோம், ரெண்டு பேரும் சேர்ந்து. வாரத்துல ரெண்டு நாள் பழைய டிசைன் வேலையை ஃப்ரீலான்ஸா எடுக்கிறா. மீதி அஞ்சு நாள் நீலிக்கு. 15-வது மாசம் இன்னும் சிவப்பாத்தான் இருக்கு. பெரியம்மா என்கிட்ட ரெண்டு வாரமா சரியா பேசல.

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி கரண்ட் போச்சு. ஆச்சி திண்ணையில இருந்தாங்க. நான் போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணி வச்சேன், அக்கா மடியில நோட்டு. ஆச்சி நீலி கதையை ஆரம்பிச்சு, கள்ளிக்கொப்பு பிள்ளையாகுற இடத்துக்கு வந்தாங்க. அக்கா குறுக்கே கேட்டா: "ஆச்சி, அவ சேலை என்ன நிறம்?"

"இருட்டுக்குள்ள நெறம் எப்பிடிம்மா தெரியும்? பிள்ளை அழுகது கேக்கும்லா."

அக்கா கலர் பென்சிலைக் கீழே வச்சுட்டுக் கரிக்கட்டையை எடுத்தா. அடுத்த வாரம் ஆச்சியோட அந்த ரெக்கார்டிங்கை முழுசா போடுறேன்.