கொற்கை முத்தும் ஆயிரம் கொல்லரும்



ஏரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது கொற்கை. இன்றைக்கு வயலும் வாழையும் பனையுமாக இருக்கிற சின்ன ஊர். கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஒரு காலத்தில் இதுதான் பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பேர்போன பட்டினம். அந்த முத்துதான் சிலப்பதிகாரத்தின் வழக்கில் சாட்சி சொல்கிறது.

கதை உங்களுக்குத் தெரியும். கண்ணகியின் கணவன் கோவலன் அரசியின் சிலம்பைக் களவு செய்தான் என்று அரண்மனைப் பொற்கொல்லன் பொய் சொல்கிறான். பாண்டியன் நெடுஞ்செழியன் விசாரிக்காமலே கொலைக்கு உத்தரவிடுகிறான். கண்ணகி வந்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன். சிலம்பை உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது. தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு அரசன் அரியணையிலேயே உயிரை விடுகிறான். பிறகு மதுரை எரிகிறது.

மேடையில் கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு முடித்துக்கொள்வார்கள். காப்பியம் முடிப்பதில்லை. பாண்டிய நாட்டில் மழை பொய்க்கிறது, பஞ்சமும் நோயும் வருகின்றன. அப்போது கொற்கையில் இருந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்கிறான். எப்படி? பொற்கொல்லர் ஆயிரம் பேரை ஒரே பகலில் பலி கொடுத்து! மழை பெய்தது, நாடு நோய் நீங்கியது என்கிறது நூல்.

பொய் சொன்னவன் ஒருவன். செத்தவர்கள் ஆயிரம் பேர்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அது அந்தக் காலத்து அறம். இன்றைய தராசில் அதை நிறுக்கக் கூடாது." காப்பியங்களைப் படிக்கும்போது மட்டுமில்லை, இன்றைய மிகுபுனைவுகளைப் பற்றிப் பேசும்போதும் இதே பேச்சுதான். டோல்கியன் 1950களில் வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் நல்லது எது, கெட்டது எது என்பதில் பெரிய குழப்பமில்லை. ஜார்ஜ் மார்ட்டினின் கதையில் ஆளுக்கு ஒரு நியாயம். அதை வைத்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில், 2019இல், சரணடைந்துவிட்ட ஒரு நகரத்தை டிராகன் மேலேறி வந்த அரசி எரித்தாள். அவள் நாயகியா, கொடுங்கோலியா என்று உலகமே விவாதித்தது. அவள் பட்ட துன்பத்தைப் பார்த்தால் அவள் செய்தது அவளுக்குச் சரிதானே என்று கேட்டவர்களும் உண்டு.

'அந்தக் காலத்து அறம்' என்ற பதிலை நான் ஏற்கவில்லை. இன்றைய தராசைக் கொண்டுபோகவே வேண்டாம். தராசு சிலப்பதிகாரத்துக்குள்ளேயே தொங்குகிறது.

நெடுஞ்செழியன் ஏன் செத்தான்? குற்றமில்லாத ஒருவனை விசாரிக்காமல் கொன்றோம் என்று தெரிந்ததும் அவனால் அதற்கு மேல் மூச்சு விட முடியவில்லை. ஓர் உயிருக்கு அங்கே அவ்வளவு எடை. கண்ணகியையும் பாருங்கள். ஊரையே எரிக்கிற கோபத்திலும் அவள் நெருப்பிடம் ஆள் பிரித்துத்தான் சொல்கிறாள்: முதியவரை விடு, குழந்தையை விடு, பத்தினிப் பெண்களை விடு, அறவோரை விடு, தீயவர் பக்கம் போ என்று. அவள் பிரித்த பிரிவில் இன்றைக்கு நமக்கு ஒப்பாதவை உண்டு. ஆனாலும் குற்றம் செய்தவன் வேறு, செய்யாதவன் வேறு என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குப் படைத்த பலியில்தான் அந்தப் பிரிவு இல்லை. அண்ணன் தம்பி, அப்பன் பிள்ளை என்று எத்தனை பேர் அந்த ஆயிரத்தில் இருந்தார்களோ! ஒருவன் பெயர்கூட நூலில் இல்லை. பொய் சொன்னவனுக்கும் பெயரில்லை. அவன் வெறும் பொற்கொல்லன். தொழில்தான் குற்றமாகிவிட்டது.

அந்த முத்துக்கு ஒரு தடவை திரும்பி வருவோம். முத்துக் குளிப்பவன் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, ஒரே மூச்சில் கடலடிச் சிப்பிப் பாருக்கு இறங்கி, சிப்பியைக் கூடையில் அள்ளிக் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுப்பான். இந்தக் கரையில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் கையேடு இன்னொன்றும் சொல்கிறது. கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகளாம். அரசியின் சிலம்புக்குள் இருந்த பரலும் அப்படி ஒருவன் மூச்சைப் பிடித்து எடுத்ததாக இருக்கலாம். அவனை யார் விசாரித்தார்கள், என்ன குற்றம் என்று எந்த ஏடும் சொல்லவில்லை.

இதனால் சிலப்பதிகாரம் எனக்குச் சிறிதாகிவிடவில்லை. ஒரு கொலைக்கு அரசனையே பலியாகக் கேட்ட நூல், ஆயிரம் கொலையை மறைக்காமல் நம் கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1892இல் அதை அச்சில் கொண்டுவந்த நாளிலிருந்து அந்த ஆயிரவர் நம்மோடு இருக்கிறார்கள். எரிந்த மதுரையைப் பாடுகிற நாம் அவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். "ஏன் அவங்களைக் கொன்னாங்க?" என்று அவர்கள் கேட்கட்டும்.

கொற்கையை ஒட்டி இன்னோர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் அக்கசாலை. அக்கசாலை என்றால் பொன் உருக்கி நகையும் நாணயமும் செய்யும் இடம். வெற்றிவேற் செழியன் இருந்த பட்டினத்தின் வாசலிலேயே கொல்லர் உலை எரிந்திருக்கிறது. அந்தப் பக்கம் போனால் அக்கசாலையிலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.