நம் பெண்களின் கைக்கு இன்னொரு வேலை
(திருப்பூர் பனியன் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மகள் பத்தாவது முடித்ததும், "கைமடிக்கு அனுப்பினால் வாரக்கூலி வருமே" என்ற பேச்சு நம் வீடுகளில் எழுகிறது. வறுமை அப்படிப் பேச வைக்கிறது. பெற்றோரைக் குறை கூற நான் வரவில்லை. அந்தக் கை வேறென்ன செய்ய வல்லது என்பதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளில், பள்ளிக்குப் பத்துப் பேராக 750 மாணவிகளுக்குச் சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு பயிற்சி அளித்தது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளியும் அதில் ஒன்று. ஒவ்வொரு பள்ளியின் பங்கும் சுமார் 50 கிராம் கருவி. எல்லாம் சேர்ந்து சுமார் 8 கிலோ எடையில் 'ஆசாதிசாட்' என்ற செயற்கைக்கோள் ஆயிற்று.

2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதைச் சுமந்து ராக்கெட் கிளம்பியது. இரண்டாம் கட்டம் பிரிகையில் எழுந்த அதிர்வில் ராக்கெட்டின் உணர்கருவிகள் தடுமாறின. கோள் தாழ்ந்த பாதையில் விடப்பட்டு வீணாயிற்று. குற்றம் மாணவிகள் செய்த கருவியில் இல்லை.

அத்தோடு விட்டார்களா? தையல் பிரிந்தால் துணியையா எறிகிறோம்? மறுபடி தைக்கிறோம். 2023 பிப்ரவரி 10 அன்று 'ஆசாதிசாட்-2' 450 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டது!

1963 ஜூனில் விண்வெளி சென்ற முதல் பெண் வாலெண்டினா தெரெஷ்கோவா யார்? தகப்பனார் டிராக்டர் ஓட்டியவர். தாயார் பஞ்சாலைத் தொழிலாளி. அவரும் பஞ்சாலையில் உழைத்தவரே. ஊரிலிருந்த விமானக் கழகத்தில் பாராசூட்டில் குதிக்கப் பழகியதுதான் அவருக்கு வழி திறந்தது. திறமை எந்த ஆலையிலும் உண்டு, தோழர்களே. பழக ஓர் இடம் வேண்டும்.

அதே 1963 நவம்பர் 21-ல் நம் நாட்டிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய தும்பாவில், பழைய மாதா கோயில் இன்று விண்வெளிக் காட்சிசாலையாக இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துத் திரும்பினால் அது வேடிக்கை. திருகு முடுக்கி, கம்பி பற்றவைத்து, தானே செய்து பார்த்தால்தான் கல்வி.

ஆகவே நாம் கேட்பது இவை: ஒவ்வொரு அரசு உயர்நிலைப் பள்ளியிலும் மாதம் ஒருநாள் செய்முறைப் பட்டறை. கோவை மண்டல அறிவியல் மையத்துக்கு மாணவரைக் கூட்டிச் செல்லப் பஸ் செலவு அரசுடையது. காங்கயம், தாராபுரம் கிராமங்களின் விவசாயக் கூலிகள் பிள்ளைகளுக்கும் அதே உரிமை.

பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள். ஒரு ஷிப்டுக் கூலி போனாலும் போங்கள். கையெழுத்து வாங்கி முதன்மைக் கல்வி அலுவலரிடம் கொடுப்போம். பதில் வரும்வரை மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள்!