என் பிள்ளைக்காகத்தானே?



'தி ரோடு' என்றோர் ஆங்கிலத் திரைப்படம். கார்மக் மெக்கார்த்தியின் நாவலைத் தழுவி ஜான் ஹில்கோட் இயக்க, 2009-இல் வெளிவந்தது. உலகம் அழிந்துவிட்டது. எங்கும் சாம்பல், பட்டுப்போன மரங்கள். பசியில் மனிதரை மனிதரே தின்னும் கொடுமை. அதன் நடுவே ஒரு தந்தையும் சிறுவனான மகனும் தள்ளுவண்டியோடு கடலை நோக்கி நடக்கிறார்கள்.

அந்தத் தந்தைக்கு மகன்தான் எல்லாம். ஒரு குளிர்பான டின் கிடைத்தாலும் அதை மகனிடம்தான் நீட்டுகிறார். இருமலில் இரத்தம் வரும்போதும் அவனுக்காகவே நடக்கிறார்.

வழியில் தள்ளாடும் முதியவர் ஒருவரைக் காண்கிறார்கள். மகன் கெஞ்சியதால்தான் அவருக்கு உணவு கிடைக்கிறது. பிறகு கடற்கரையில் ஒருவன் அவர்களுடைய பொருள்களைத் திருடுகிறான். தந்தை அவனைப் பிடித்து, துப்பாக்கி முனையில் உடுத்திய துணியையும் கழற்ற வைக்கிறார். அந்தக் குளிரில் அது மரண தண்டனை. மகன் அழுகிறான். அந்த அழுகைக்காகவே, பிறகு அந்தத் துணிகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

அந்தத் தந்தை கொடியவர் அல்லர். பாசம்தான் அவர் கண்ணை மறைத்தது. நாமும் "என் பிள்ளைக்காகத்தானே" என்று சொல்லித்தான் உடன்பிறந்தவரின் பங்கை அமுக்குகிறோம். வேலை செய்தவரின் கூலியைக் குறைக்கிறோம்.

மத்தேயு 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், மகனையும் மகளையும் தம்மைவிட மேலாக நேசிப்பவர் தமக்குத் தகுதியற்றவர் என்கிறார். கேட்கக் கடினமாக இருக்கிறது. ஆனால் அதே பகுதி, சிறியோருக்குக் கொடுக்கும் ஒரு குவளைத் தண்ணீரில் முடிகிறது. பிள்ளையைக் குறைவாக நேசிக்கச் சொல்லவில்லை அவர். கடவுளுக்கு முதலிடம் தந்த நெஞ்சில், அடுத்தவர் பிள்ளைக்கும் இடம் உண்டு என்கிறார்.

படத்தின் முடிவில் தந்தை இறந்துபோகிறார். அநாதையாய் நிற்கும் சிறுவனைச் சேர்த்துக்கொள்வது முன்பின் தெரியாத ஒரு குடும்பம். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. "என் பிள்ளைக்கு மட்டும்" என்று அவர்களும் நினைத்திருந்தால் அவன் கதி என்ன?

பெற்றோரே, நாம் என்றும் பிள்ளைகளோடு இருக்கப்போவதில்லை. இரங்கும் மனதை அவர்களுக்குச் சொத்தாக விட்டுச்செல்வோம். இந்த வாரம் உங்கள் வீட்டு உணவில் ஒரு பங்கை, தேவையில் இருக்கும் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு, உங்கள் பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். அதற்கான அருளை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.