பதினோராயிரம் அடி



திருச்சி எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவில் ஒரு தியேட்டர் ஆபரேட்டர் இருந்தார். தெருவுக்கே அவர் மாமா. புதுப்படம் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்லமாட்டார். "பதினாறு ரீல்டா, சாப்பிட்டுட்டுப் போ" என்பார்.

ஃபிலிம் நொடிக்கு ஒன்றரை அடி ஓடும். நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் ஒன்று முடிய 11 நிமிடம். மாமாவுக்கு நேரம் என்பது கையில் தூக்கிப் பார்க்கிற பொருள்.

திருச்சிக்கு இந்தக் கணக்கு பழசு. 1905-ல் இங்கே ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் காட்டக் கிளம்பினார். பெட்டியில் எத்தனை சுருளோ அவ்வளவுதான் காட்சி.

பேசும்படம் வந்ததும் நிலைமை தலைகீழ். விடிய விடிய நாடகம் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு? மேடையிலிருந்து திரைக்கு வந்த 'பவளக்கொடி'யில் 50 பாட்டு. ஆண்டு 1934. பாட்டுக்கு இரண்டே நிமிடம் என்று வைத்தாலும் பாட்டுக்கு மட்டும் நூறு நிமிடம்! அதில் அறிமுகமான தியாகராஜ பாகவதர் நம் திருச்சியில் வளர்ந்தவர்.

பிறகு இரண்டாம் உலகப் போர். கச்சா ஃபிலிம் கப்பலில் வரவேண்டிய சரக்கு; வரத்து சுருங்கிப் போனது. எந்தப் படமும் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. அதாவது இரண்டு மணி இரண்டு நிமிடம். 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' அந்தக் கட்டுக்குள் எடுத்த படம். பெற்றோரை உதாசீனம் செய்யும் மகன், தாசி மோகம், கால்களை இழப்பது, மனம் திருந்துவது, நடுவே பாகவதர் பாட்டுகள் எல்லாம் அதற்குள் அடங்கின. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. இன்று பார்த்தாலும் கதை எங்கும் நின்று மூச்சு வாங்குவதில்லை. ஃபிலிம் பஞ்சம் நம் சினிமாவுக்குச் சிக்கனம் கற்றுக் கொடுத்தது என்றே நான் நம்புகிறேன்.

பஞ்சம் தீர்ந்ததும் மறந்தும் போனோம். 1948-ல் வந்த 'சந்திரலேகா' மூன்று மணி நேரத்துக்கும் மேல். 1954-ல் எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல், இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டி 'அந்த நாள்' எடுத்தார். பாராட்டு கிடைத்தது, வசூல் கிடைக்கவில்லை. வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு, கொடுத்த காசுக்கு இடைவேளை முறுக்கும் வேண்டும், அதற்குப் பிறகு இன்னொரு பாதிப் படமும் வேண்டும்.

இரண்டாவது ஆட்டத்தில் மட்டும் வேறு கதை. படப்பெட்டி தாமதமாக வந்த இரவுகளில், ஆட்டம் முடிய இரவு ஒன்றரை மணி ஆகிவிடும் என்று தெரிந்தால் மாமா ஒரு பாட்டைத் தாண்டிப் போய்விடுவாராம். கீழே விசில் பறக்கும். "அவங்களும் கிராப்பட்டி வழியா நடந்துதானே வீட்டுக்குப் போகணும்" என்பார்.

இன்று ரீல் கிடையாது; வெட்டு மட்டும் நிற்கவில்லை. மூன்று மணி நேரம் ஓடிய 'இந்தியன் 2', 2024-ல் வெளிவந்த சில நாளிலேயே 12 நிமிடம் குறைக்கப்பட்டது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' ஒன்றேகால் மணி நேரம்தான். 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருது அதற்கு. அதை மாமாவோடு வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வெயிலில் அப்பாவும் மகனும் நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். கடைசியில் குழியில் ஊறும் தண்ணீரைப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மொள்கிறார்கள். கேமரா நகர்வதே இல்லை.

முடிந்ததும் மாமா விரல்விட்டு எண்ணினார். "ஏழு ரீல்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்தத் தண்ணி மொள்ற இடம் இருக்கே, அதுல மட்டும் நான் கை வெச்சிருக்க மாட்டேன்டா."