பெயர் வைக்காத வருத்தம்

எங்கள் ஊரிலே நோயாளியைப் பார்க்க வருவோர் முதலிற் கேட்பது, "என்ன வருத்தம்?" என்பதுதான். இரண்டு ஆண்டுகளாக இக்கேள்விக்கு மறுமொழி கூற இயலாதவளாய் இருந்து வருகிறேன்.

நான் ஓர் ஆசிரியை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கா. முதற் பாடவேளையில் வெண்கட்டியைப் பற்ற முடியாது. பத்து மணிக்குப் பின்னரே கை என் வசத்துக்கு வரும். மாலையிற் காரணமின்றிக் காய்ச்சல் காயும். வெளித்தோற்றத்திலோ ஒரு குறையும் இல்லை. "நன்றாகத்தானே இருக்கிறீர்கள், ரீச்சர்" என்று உடனாசிரியர் ஒருவர் சொன்ன சொல், மூட்டு நோவிலும் கூடுதலாக நொந்தது.

வைத்தியர் குருதியைச் சோதிப்பித்தார். உடலைக் காக்க வேண்டிய பிறபொருளெதிரிகள் சில வேளைகளில் திசைமாறி, சொந்தக் கலங்களின் கருவையே பகையெனக் கொள்வதுண்டு. அத்தகையதொன்று என் குருதியில் இருந்தது. "அப்படியானால் லூப்பஸ் நோயா?" என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். மழுப்புகிறார் என்றே எண்ணினேன்.

அவர் மழுப்பவில்லை. லூப்பஸ் நோயாளர் ஏறக்குறைய அனைவரிடமும் இப்பிறபொருளெதிரி உண்டு. ஆயினும், குருதி நீரை 160 மடங்கு ஐதாக்கிச் சோதித்தாலும், யாதொரு நோயுமற்ற 100 பேரில் ஏறக்குறைய 5 பேரிடம் இது காணப்படும். ஆகவே இதனை மாத்திரம் சான்றாகக் கொண்டு நோயைத் துணிய முடியாது.

2019ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாத மருத்துவ வல்லுநர் சங்கங்கள் இந்நோய்க்கு ஒரு புள்ளித் திட்டத்தை வகுத்தன. பரீட்சைத்தாள் திருத்திப் பழகியவள் சும்மா இருப்பேனா? என் புள்ளிகளை நானே கூட்டினேன். மூட்டுக்கு 6, காய்ச்சலுக்கு 2, மொத்தம் 8. வேண்டியதோ 10. சித்தியடையாமைக்கு மகிழ்வதா, வருந்துவதா என்று தெரியவில்லை. வைத்தியர் சிரித்தார். அத்திட்டம் ஆராய்ச்சிக்கு நோயாளரை வகுப்பதற்கே. நோயாளியின் முன்னிருந்து பெயர் சூட்டுவதற்கன்று என்றார். என் போன்றோருக்கு, வேறுபிரித்தறியப்படாத தொடுப்பிழைய நோய் என்று எழுதுவார்களாம். அதுவும் ஒரு பெயரா! இவர்களிற் சிலருக்கு நோய் பின்னர் தெளிவான உருவம் எடுக்கும். எடுப்பதாயின் பெரும்பாலும் முதல் ஐந்து ஆண்டுகளிலேயே எடுக்கும். பலருக்கு இப்படியே நிற்கும். சிலருக்குத் தணிந்தும் போகும்.

இனி என் பிழையையும் சொல்லிவிட வேண்டும். ஐதரொக்சிக்குளோரோகுயின் என்னும் குளிசையை வைத்தியர் தந்தார். மலேரியா மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. 1934, 35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். 2016இல் மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்று வழங்கிய இத்தீவிலே, எனக்கேன் அம்மருந்து என்று நினைத்தேன். நோய்க்கே பெயரில்லையே என்ற எரிச்சலும் சேர்ந்தது. ஏழு வாரம் அது அலுமாரிக்குள்ளேயே இருந்தது. எட்டாம் வாரம் முழங்கால்கள் வீங்கி, பாடசாலைப் படியேற முடியாமல் நின்றேன். மாணவியர் இருவர் தாங்கிப் பிடித்தனர்.

வைத்தியரிடம் ஒளிக்காமற் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "மருந்து பெயருக்கன்று, வீக்கத்துக்கு" என்றார். அதன் பயன் மெல்ல, மாதக்கணக்கிலேயே தெரியும். கண்களைக் காலத்துக்குக் காலம் சோதிப்பிக்க வேண்டும் என்பதையும் விளக்கினார். அன்று தொட்டு ஒரு கொப்பியில் நாள்தோறும் எழுதி வருகிறேன்: விரல் மடங்கிய நேரம், காய்ச்சலின் அளவு, வெயிலில் நின்றது, தோலிற் கண்ட மாற்றம். தவணைக்குச் செல்லும்போது வைத்தியர் முதலிற் கேட்பது அந்தக் கொப்பியைத்தான்.

சென்ற கிழமையும் மாமி கேட்டார்: "பிள்ளை, என்ன வருத்தமென்று சொன்னார்களா?"

"இன்னும் பெயர் வைக்கவில்லை, மாமி."

"சரி, குளிசையைப் போட்டாயா?" என்று கேட்டுக்கொண்டே, தண்ணீர்ச் செம்பை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.