சாறனுக்குள் பத்துக் கிலோமீற்றர்



ஒரு கைத்தறிச் சாறனுக்குள் எவ்வளவு நூல் இருக்கிறது என்று எப்போதாவது கணக்குப் பார்த்திருக்கிறீர்களா? அகலம் 48 அங்குலம், நீளம் இரண்டு யார் என்று வைத்துக்கொள்வோம். பாவிலே, அதாவது நீளவாட்டில் ஓடும் நூலில், அங்குலத்துக்கு 60 இழை. அகலம் முழுவதற்கும் 2,880 இழை, ஒவ்வொன்றும் இரண்டு யார். ஊடை நூல் அங்குலத்துக்கு 56 தடவை குறுக்கே ஓடுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் பதினோராயிரம் யாருக்கு மேல் வருகிறது. பத்துக் கிலோமீற்றர்! 40ஆம் இலக்க நூலென்றால் இவ்வளவும் சேர்ந்து நிறுவையில் ஏறக்குறைய 150 கிராம்தான். ஆறு சாறன்களின் நூலைப் பிரித்து நீட்டினால், நமது மட்டக்களப்பு வாவியின் 56 கிலோமீற்றர் நீளத்தையும் தாண்டிப் போய்விடும்.

தறியில் ஏறுமுன்னரே அந்தப் பத்துக் கிலோமீற்றர் நூலும் யாரோ ஒருவருடைய விரல்களுக்கிடையே ஓடியிருக்கிறது. பெரும்பாலும் ஒரு பெண்ணின் விரல்கள். வீட்டுத் திண்ணையில் ராட்டையின் முன்னே உட்கார்ந்திருக்கும் ஒரு உம்மா, அல்லது பாடசாலை விட்டு வந்த ஒரு மகள். திருவிழாக் கடைகளில் கைத்தறி விற்கிறோம், வாங்குகிறோம். விலையில் அந்த விரல்களுக்கு என்ன பங்கு இருக்கிறது என்று இருதரப்பும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நமக்குக் கோடை என்றால் திருவிழாக் காலம். வைகாசியில் ஊரூராகக் கண்ணகை அம்மன் சடங்கு. ஆடியில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் கொடியேறி, ஆடி அமாவாசையன்று தீர்த்தம். ஆவணியில் மண்டூரும் சித்தாண்டியும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலே கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் தேரோட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைத்தெரு முளைக்கிறது: கச்சான் கடை, வளையல் கடை, மண்பானை, பன்பாய், பிளாஸ்டிக் சாமான். அதே மாதங்களில் பாசிக்குடாவுக்கும் அறுகம்பேக்கும் வெளிநாட்டுப் பயணிகள் வருகிறார்கள். இலண்டனிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் பாடசாலை விடுமுறை விடுவதால் நமது சொந்தபந்தங்களும் ஆடி, ஆவணியில்தான் ஊருக்கு வருகிறார்கள். நெய்து விற்பவருக்கு வருடத்தில் இதைவிட நல்ல சந்தை கிடையாது.

நெய்பவர்கள் என்றால் முதலில் வாயில் வருகிற பெயர் மருதமுனை. வாவியின் தென்கோடிக்கு அண்மையில், கல்முனைக்கு வடக்கே, கடலோரம் இருக்கிறது. இன்றைக்கு அம்பாறை மாவட்டம். 1961இல் மாவட்டம் பிரிவதற்கு முன்னர் அதுவும் மட்டக்களப்புத்தான். தலைமுறை தலைமுறையாகத் தறிச்சத்தம் கேட்ட ஊர் அது. மருதமுனைச் சாறன், மருதமுனைச் சாரி என்றால் நாடு முழுவதும் தெரியும். 1970களின் முற்பகுதியில் வெளிநாட்டுத் துணி வருவதற்குக் கட்டுப்பாடு இருந்தபோது, உள்ளூர்த் தறிகளுக்கு ஓய்வே இருக்கவில்லை. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. மலிவுத் துணி கப்பல் கப்பலாக இறங்கியது. தறிகள் ஒன்றொன்றாக நின்றன. பிறகு போர். அதன் நடுவே 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. மருதமுனைக் கரையில் கடல் ஏறியபோது உயிர்களோடு வீடுகளும், வீட்டுக்குள் இருந்த தறிகளும், பெட்டியில் இருந்த நூலும் போயின. நூல் போனால் முதல் போனது. தறியை யாராவது தானமாகக் கொடுக்கலாம். நூலைத் தொடர்ந்து வாங்குவதற்குக் கையில் காசு வேண்டும்.

நமக்கு வேண்டிய அளவு பருத்தி நமது நாட்டில் விளைவதில்லை. பஞ்சும் நூலும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான். பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருகிறது. 2022இல் ரூபாய் விழுந்தபோது, மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நூலின் விலையும் சாயத்தின் விலையும் கூடவே ஏறின. நெய்பவர் என்ன செய்தார்? சாறனின் விலையை நூல் ஏறிய அளவுக்கு உயர்த்த முடியவில்லை. வாங்குகிறவரிடமும் காசு இல்லையே. ஆகவே குறைக்கக்கூடிய ஒன்றைக் குறைத்தார். தன்னுடைய கூலி. அதற்கும் முன்னரே குறைந்திருந்தது ராட்டை சுற்றுகிறவரின் கூலி. அது பல வீடுகளில் தொடக்கத்திலிருந்தே பூச்சியம்.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சந்தையிலிருந்து வரும் நூல் சிட்டமாக வருகிறது. ஒரு இறாத்தல் நூலில் 840 யார் கொண்ட சிட்டங்கள் எத்தனை இருக்கின்றனவோ, அதுதான் அந்த நூலின் இலக்கம். இலக்கம் கூடக் கூட நூல் மெல்லியது. சிட்டத்தைக் கொதிக்க வைத்து மெழுகுப் பசையை நீக்க வேண்டும். சாயம் போட வேண்டும். அலசி உலர்த்த வேண்டும். பாவு நூலுக்குக் கஞ்சி போட வேண்டும். பிறகு சிக்கெடுத்துச் சுற்ற வேண்டும். பாவுக்கு ஒரு சுற்று, ஊடைக்கு, குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தாரில் இன்னொரு சுற்று. பாவு ஓட வேண்டும். புதுப் பாவு என்றால் 2,880 இழையையும் ஒவ்வொன்றாக, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுக்குள்ளும், அதன்பின் ஊடையை அடித்து நெருக்கும் பண்ணைக்குள்ளும் கோத்தெடுக்க வேண்டும். பழைய பாவின் முனை தறியில் இருந்தால், 2,880 முடிச்சு. ஒரு இழை மாறினால் துணி முழுவதும் கோடு விழும். இவ்வளவும் முடிந்த பின்னர்தான் நாடா ஓடுகிறது. நெய்கிற சத்தம் தெருவுக்குக் கேட்கிறது. மற்ற வேலைகளுக்குச் சத்தமில்லை. கணக்கிலும் அவை ஏறவில்லை.

திருவிழாவுக்கு நெய்து வைக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடியில் விற்பதற்கு ஆனியில் தொடங்கினால் காலம் போய்விட்டது. நமது காலநிலை தனக்கென்று ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவ மழை. அப்போது கஞ்சி போட்ட நூல் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். மாசி, பங்குனி வெயில் சாயம் போடவும் உலர்த்தவும் பொருத்தமானது. அதற்குப் பிறகு வருகிறது கச்சான் காற்று. மேற்கு மலைகளைக் கடந்து, ஈரமெல்லாம் இழந்து, சுடச்சுட வீசும் அந்தக் காற்றில் பாவு இழை படபடவென்று அறும். பருத்தி நூலுக்கு ஈரம்தான் பலம். நனைந்த பருத்தி காய்ந்த பருத்தியைவிட உறுதியானது. குழித்தறியை நிலத்துக்குள் இறக்கி அமைத்த முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. மண்ணின் ஈரம் பாவுக்குக் கிடைக்கும். ஆகவே கச்சான் வீசும் மாதங்களில் காலை வெள்ளனவும் பொழுது சாய்ந்த பின்னரும் நெய்யுங்கள். உச்சிப் பகலில் தறியை விட்டுவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, ராட்டை வேலையைப் பாருங்கள்.

சாயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். வாவிக்கரைக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். உவர் தண்ணீரிலும் சுண்ணாம்புத் தண்ணீரிலும் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். மழைநீரைச் சேமித்து வைத்துப் பயன்படுத்துங்கள். சாயம் போட்ட நூலில் ஒரு முழத்தை வெள்ளைத் துணியில் சுற்றி, சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் அந்தச் சிட்டத்தைத் திரும்ப அலச வேண்டும். மாமாங்கத்தில் வாங்கிய சாறன் முதல் துவையலிலேயே வேட்டியைச் சிவப்பாக்கினால், அந்த வீட்டில் இனி யாரும் கைத்தறி வாங்கமாட்டார்கள். துணி சுருங்கும் அளவையும் முன்கூட்டியே பாருங்கள். துவைத்த பிறகு என்ன நீளம் நிற்கிறதோ, அதைத்தான் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும்.

என்ன நெய்வது? சாறனும் சாரியும் நமது பெருமை. ஆனால் விடுமுறைக்கு வந்த உறவினர்கள் திரும்பிப் போகும்போது பெட்டியை நிறுத்து நிறுத்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு மேசை விரிப்பு, கைக்குட்டை, தோளில் போடும் மெல்லிய சால்வை, குழந்தைக்கான துவாய். இவை எடையில்லாதவை, ஒரு பாவில் பல வரும்.

நூலையும் விற்கலாம். இதை நமது ஊரில் யாரும் பெரிதாக யோசித்ததில்லை. ஆங்கிலேயருடைய நாட்டில், கம்பிரியா என்ற மலைப்பகுதியில் கொக்கர்மவுத் என்றொரு சிறு நகரம். 2005இலிருந்து அங்கே ஜூன் மாதத்தில் கம்பளிக்கென்று ஒரு சந்தை கூடுகிறது. கையால் சாயமிட்ட நூலை அங்கே சிட்டமாகவே விற்கிறார்கள். ஒவ்வொரு சிட்டத்திலும் ஒரு சிறு அட்டை: என்ன நார், எத்தனை கிராம், எத்தனை மீற்றர், எப்படித் துவைப்பது. நமது வெயிலுக்குக் கம்பளி வேண்டாம். பருத்தி போதும். சாயமிட்ட பருத்தி நூலை மூன்று நான்கு இழையாக முறுக்கினால் குரோஷே ஊசிக்குப் பொருத்தமான நூல் கிடைக்கும். ஒவ்வொரு பாவும் முடியும்போது தறியில் நெய்ய முடியாத ஒரு துண்டு மிஞ்சுகிறது. அதை அறுத்து எறிகிறோம். அந்தத் துண்டு இழைகளில் குஞ்சம் கட்டலாம், பாடசாலைப் பிள்ளைகளின் கைவேலைக்குக் கட்டாகக் கட்டி விற்கலாம். குரோஷே தெரிந்த பெண்கள் வாவியின் இரு கரையிலும் இருக்கிறார்கள். மருதமுனையின் நூலும் படுவான்கரைப் பெண்களின் ஊசியும் ஒரே கடையில் சேர்ந்தால், அது முஸ்லிம், தமிழ் ஆகிய இரண்டு சமூகத்துக்கும் நல்லது. போர்க்காலத்தில் அறுந்த கொடுக்கல் வாங்கல் அப்படித்தான் திரும்பப் பின்னப்படும் என்று நான் நம்புகிறேன்.

இனி விலை. திருவிழாக் கடையில் நடக்கிற பேச்சு உங்களுக்குத் தெரியும்.

"அக்கா, இந்தச் சாறன் என்ன விலை?"

சொல்கிறார்.

"கடையில இதில பாதிக்கு எடுக்கலாமே?"

"அது மெசின்ல வந்தது தம்பி. இது கையால நெய்தது."

அத்தோடு பேச்சு முடிகிறது. தம்பி போய்விடுகிறார், அல்லது அக்கா விலையைக் குறைக்கிறார். அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அன்று இரவு விற்காவிட்டால் நூல்கடைக் கடன் நிற்கிறது. ஆனால் அவர் குறைத்த தொகை யாருடையது? நூல்காரர் குறைக்கவில்லை. சாயக்காரர் குறைக்கவில்லை. கடைக்கு இடம் கொடுத்தவர் குறைக்கவில்லை. வீட்டில் தார் சுற்றிய உம்மாவின் மூன்று நாளைத்தான் அவர் கொடுத்துவிட்டு வருகிறார்.

ஆகவே ஒரு கொப்பியை எடுங்கள். இந்த மாதமே தொடங்குங்கள். நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு, விறகு எவ்வளவு என்று எழுதுகிறீர்கள். அதன் கீழே சிட்டம் பிரிக்க எத்தனை மணித்தியாலம், தார் சுற்ற எத்தனை, பாவு ஓட எத்தனை, இழை கோக்க எத்தனை, யார் செய்தார் என்றும் எழுதுங்கள். வயல் வேலைக்குப் போனால் அந்தப் பெண்ணுக்கு என்ன நாட்கூலி கிடைக்குமோ, அதே கணக்கில் பணத்தைப் போடுங்கள். வருகிற தொகை உங்களையே திடுக்கிட வைக்கும். அந்த விலைக்கு எல்லாத் துணியும் விற்காது என்பதும் உண்மை. விற்காதவற்றை நெய்வதை நிறுத்துங்கள். சாதாரணக் கட்டச் சாறனில் இயந்திரத்தோடு போட்டி போட்டு வெல்ல முடியாது. இயந்திரம் செய்யாத கரையும் நிறச் சேர்க்கையும் சிறு தொகையில் நெய்யும் வசதியும் நம்மிடம் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் நியாயமான விலை கிடைக்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். திருவிழாக் கடைக்கு ராட்டையைக் கொண்டு வாருங்கள். தறியைக் கொண்டுவர முடியாது, ராட்டையை முச்சக்கர வண்டியில் ஏற்றலாம். கடையின் முன்பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில் வைத்து, சுற்றத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். பிள்ளைகள் கூடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் தாய்மார் வருவார்கள். ஒரு தார் நிரம்புவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். விலையை விளக்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சுற்றுகிறவருக்கு அன்றைய கூலியை அன்றே கொடுத்துவிடுங்கள்.

பிரதேச செயலகங்களுக்கும் ஆலய பரிபாலன சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழாத் தெருவில் இடங்களைக் கொடுக்கும்போது, கூடுதல் காசு கொடுப்பவருக்கே முன்வரிசை போகிறது. உள்ளூரில் கையால் செய்து விற்பவர்களுக்கு, பன்பாய் இழைப்பவர்கள், பானை வனைபவர்கள், நெய்பவர்கள் என்று எல்லோருக்கும் சேர்த்து, ஒரு வரிசையைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்குங்கள். கடையோடு மின்சாரமும் மழைக்கொரு கூரையும் இருந்தால் போதும்.

கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களே, வருகிற ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தமாடிவிட்டு நீங்களும் அந்தக் கடைத்தெருவில் நடப்பீர்கள். கைத்தறிக் கடையில் நின்றால் துணியைத் தொட்டுப் பாருங்கள், கரையைப் பாருங்கள், சாயம் நிற்குமா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பிடித்திருந்தால், சொன்ன விலையைக் கொடுத்து வாங்குங்கள்.